ஏஐ எழுதிய போலீஸ் ரிப்போர்ட்: ஒரு பழைய ரைட்டரின் மதிப்புரை (5-க்கு 2)

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் 18 வருடம் ரைட்டர் ஏட்டாகக் குப்பை கொட்டியவன் நான். மகளைப் பார்க்கக் கலிபோர்னியா வந்த இடத்தில், சிக்னலில் நின்றுகொண்டிருந்த எங்கள் காரை ஒரு வேன் பின்னால் வந்து இடித்தது. எனக்குக் கழுத்துப் பிடிப்பு, அவ்வளவுதான். வந்த அதிகாரி சின்னப் பையன், தன்மையானவர். நெஞ்சில் கேமரா. கையில் பேனாவும் இல்லை, நோட்டும் இல்லை. எனக்கு அப்போதே உறுத்தியது.

பத்து நாளில் ரிப்போர்ட்டின் நகல் வந்தது. ஒவ்வொரு பக்கத்து அடியிலும், இது முழுதாகவோ பகுதியாகவோ செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என்று ஒரு வரி. எந்த ஊர் போலீஸ், எந்தக் கம்பெனி மென்பொருள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்து சுத்தம். நாங்கள் எழுதுகிற மாதிரி ‘மேற்படி’, ‘மேற்படியார்’ என்று ஒரே வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடவில்லை. நேரம், திசை, வண்டி எண் எல்லாம் சரி.

மூன்றாம் பக்கத்தில்தான் வில்லங்கம். “போனில் பேசிக்கொண்டிருந்தீர்களா?” என்று அதிகாரி கேட்டதற்கு மகள் பதற்றத்தில் ‘ம்ஹும்’ என்று தலையாட்டினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். ரிப்போர்ட்டில், ‘ஓட்டுநர் ஆமோதித்தார்’ என்று இருந்தது. நமக்கு ‘ம்ஹும்’ என்றால் இல்லை. அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட அதே ஒலியை ஆமாம் என்பதற்குச் சொல்கிறார்கள்!

இந்த வகை மென்பொருளில் அதிகம் பேசப்படுவது ஆக்ஸான் கம்பெனியின் ‘டிராஃப்ட் ஒன்’. 2024 ஏப்ரலில் வந்தது. கேமராவில் பதிவான ஒலியை மட்டும் எழுத்தாக்கி, அதை வைத்து அறிக்கை தயாரிக்கிறது, படத்தைப் பார்ப்பதில்லை. காது மட்டும் உள்ள ரைட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூட்டாவின் ஹீபர் சிட்டி போலீஸ் இப்படிப்பட்ட மென்பொருளைச் சோதித்தபோது, பின்னணியில் ஓடிய கார்ட்டூன் படத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, அதிகாரி தவளையாக மாறினார் என்று எழுதிவைத்ததாம். தவளையை யாரும் நம்பப்போவதில்லை. ‘ஆமோதித்தார்’ என்பதை இன்சூரன்ஸ்காரர் நம்புவார்.

எங்கள் ஸ்டேஷனில் ஒரு சொல்லைத் திருத்தினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அடிபட்ட சொல்லும் படிக்கத் தெரிய வேண்டும். வொயிட்னர் தடவினால் கோர்ட்டில் வக்கீல் தோலை உரித்துவிடுவார். டிராஃப்ட் ஒன்னிலோ, இயந்திரம் எழுதிய முதல் வரைவு தங்காதபடியே செய்திருக்கிறார்கள் என்று எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு 2025-ல் வெளியிட்டது. மொத்தமும் வொயிட்னர். நாளைக்குக் கூண்டில் நின்று “அது மெஷின் போட்ட வரி” என்று அதிகாரி சொன்னால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

அதற்குத்தான் கலிபோர்னியாவில் எஸ்.பி. 524 என்ற சட்டம், 2026 ஜனவரி 1 முதல். பக்க அடியில் நான் பார்த்த வரி அதனால் வந்ததுதான். எந்த மென்பொருள் என்று பெயர் போட வேண்டும். அதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அறிக்கை இருக்கும்வரை முதல் வரைவும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி ஷரத்துதான் உயிர்நாடி. வாஷிங்டன் மாநிலத்துக் கிங் கவுண்டி அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2024-லேயே இப்படி எழுதியதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எனக்கு அவ்வளவு கோபமில்லை.

ஒரு குறை. நம் ஊர் வாக்குமூலத்தின் கடைசி வரி, ‘படிக்கக் கேட்டேன், சரியாக உள்ளது.’ (படித்துக் காட்டாமலே அந்த வரியை எழுதிய ஆட்களும் உண்டு. யோக்கியம் பேசவில்லை.) என் மகளுக்கு யாரும் எதையும் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே ‘ம்ஹும்’ என்றிருப்பாள். சரி, அதையும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்களோ என்னவோ.

கடிதம் எழுதினோம். அதிகாரி வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்து, ‘இல்லை என்று தலையசைத்தார்’ எனத் துணை அறிக்கை ஒன்று இணைத்தார். அதன் அடியில் ஏஐ வரி இல்லை. என் பெயரில் மட்டும் ஓர் எழுத்தை விட்டிருந்தார்.