மகள் போனில் ஃபேமிலி லிங்க்: எதை வைத்துக்கொண்டோம், எதை அணைத்தோம்

மகள் ஆறாம் வகுப்புக்குப் போனபோது ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கிக் கொடுத்து, கூடவே கூகுளின் ஃபேமிலி லிங்க்கையும் போட்டோம். இப்போது அவள் ஒன்பதாவது. பிள்ளையின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்தவும் கவனிக்கவும் 2017-இல் வந்த இலவசச் செயலி இது. இத்தனை நாள் வைத்திருந்ததில் எனக்குப் புரிந்தது: பூட்டுகிற வேலையை இது நன்றாகச் செய்கிறது, பார்க்கிற வேலையால் கிடைத்தது பெரும்பாலும் சண்டைதான்.

இரவு ஒன்பதரைக்குப் போன் தானாகப் பூட்டிக்கொள்ளும். அழைப்பு வந்தால் எடுக்கலாம், மற்றதெல்லாம் காலையில்தான். தினசரி நேரம் தீரும் முன் 15, 5, 1 நிமிடம் இருக்கும்போது எச்சரிக்கை வரும். "போதும், வை" என்று நான் கத்த வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி. அவள் முறைப்பதும் போனைத்தான். புதுச் செயலி இறக்க எங்கள் ஒப்புதல் வேண்டும். "இது எதுக்குடி?" என்று கேட்டாலே பாதி விளையாட்டுகள் கழன்றுவிடும், அவளுக்கே பதில் தெரியாது.

குறையும் உண்டு. செயலியைப் பூட்டினால் பிரவுசரில் அதே தளம் ஜோராகத் திறக்கும். இதை அவள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். தளத்தையும் தனியாகத் தடுக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பயன்பாட்டு அறிக்கை. வாட்ஸ்அப் இவ்வளவு நேரம், யூடியூப் இவ்வளவு நேரம் என்று காட்டும். என்ன பேசினாள் என்று காட்டாது, அது நல்லதும்கூட. ஆனால் நேரத்தைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்காதே. சாப்பாட்டு நேரம் விசாரணையாக மாறியது. இருப்பிடம் காட்டும் வசதியும் அப்படித்தான்: நெட் விட்டுப்போனால் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும், நமக்கு வீண் பதற்றம்.

வாட்ஸ்அப்பைக் கணினியில் இணைத்துப் படிக்கலாமே என்றார் என் கணவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இணைத்த கருவிகளின் பட்டியல் அவள் போனிலேயே தெரியும். பார்த்த அன்றே முக்கியமான பேச்செல்லாம் வேறு செயலிக்குப் போய்விடும், நமக்கு மிஞ்சுவது குட் மார்னிங் படங்கள். ஒளிந்திருந்து வேவு பார்க்கும் கட்டணச் செயலிகள் இன்னும் மோசம். எம்ஸ்பை என்ற ஒன்றிலிருந்து 2015, 2018, 2024 என மூன்று தடவை தகவல்கள் வெளியே கசிந்திருக்கின்றன.

போன வருடம் ஒரு ராத்திரி, போன் பூட்டிக்கொள்ளும் முன் அவளே வந்து நீட்டினாள். "அம்மா, இது யாருன்னே தெரியல, போட்டோ கேக்குறாங்க." இன்ஸ்டாகிராமில் அவள் வயதுப் பெண் போலப் பேசும் கணக்கு, நாலைந்து நாளாகப் படிப்பு, பாட்டு என்று பேசிவிட்டு அன்று படம் கேட்டிருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, புகார் கொடுத்து, அந்தக் கணக்கைத் தடுத்தோம். பிறகு அன்றைய அறிக்கையைத் திறந்து பார்த்தேன். இன்ஸ்டாகிராம், 22 நிமிடம். அவ்வளவுதான் இருந்தது. அவள் வந்து சொல்லாவிட்டால் எந்தச் செயலியும் எனக்குச் சொல்லியிருக்காது.

அந்த வாரமே இருப்பிடத்தை அணைத்துவிட்டோம், அறிக்கையையும் நான் திறப்பதில்லை. பயணம் போகும் நாளில் மட்டும் வாட்ஸ்அப்பில் அவளே லைவ் லொக்கேஷன் அனுப்புகிறாள். இரவுப் பூட்டும் செயலி ஒப்புதலும் அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

சின்னப் பிள்ளைக்கு முதல் போன் கொடுக்கும்போதே இதைப் போடுவதென்றால் தாராளமாகப் போடலாம். எதெதைப் பார்ப்பீர்கள் என்பதைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டுப் போடுங்கள். பதினாறு வயதில் புதிதாகப் போட நினைத்தால் இரவுப் பூட்டு மட்டும் போதும், அதுவும் கேட்டுவிட்டு.