ஸூமா, பேட்லெட்டா: மதுரை வகுப்போடு ஒரு வரலாற்றுப் பாடம்

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் எங்கள் பள்ளியின் உயர்நிலை இரண்டு வரலாற்று வகுப்பை மதுரையில் ஒரு பள்ளியோடு இணைத்தோம். பாடம் 1943, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ். முதலில் ஸூம், அப்புறம் பேட்லெட் என்ற இணையப் பலகை. என்னைக் கேட்டால் பலகைதான்.

ஸூமில் முகம் பார்த்துப் பேசலாம், சரி. சிரிப்பு அடங்கவே பத்து நிமிடம் போனது, அதுவும் நல்லதுதான்.

சிக்கல் கடிகாரத்தில். அங்கே ஒன்பதரைக்கு முதல் பாடவேளை தொடங்கும்போது இங்கே மணி பன்னிரண்டு. ஒன்றரைக்கு எங்கள் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். ஜூனில் அவர்களுக்குப் பள்ளி திறக்கும், எங்களுக்கு மாதம் முழுக்க விடுமுறை. மற்ற மாதங்களில் யாராவது ஒருவருக்குத் தேர்வு. (சிங்கப்பூர் ஜப்பானியர் பிடியில் ‘சியோனான்’ என்ற பெயரோடு இருந்த காலத்தில் அவர்கள் இங்குள்ள கடிகாரங்களையே ஒன்றரை மணி நேரம் முன்தள்ளித் தோக்கியோ நேரமாக்கினார்கள். எனக்கு அந்த அதிகாரம் இல்லை.) நான்கு சந்திப்புகள் திட்டமிட்டோம். ஒன்று நடந்தது; இரண்டாவது பாதியில் அறுந்தது.

பலகைக்கு மணி பார்க்கும் வேலை இல்லை. 1943 அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்ததை மதுரைப் பையன் ஒருவன் பெருமையாக எழுதியிருந்தான். அதன் கீழே எங்கள் மாணவி, முந்தைய ஆண்டு இதே ஊரில் ஜப்பானியர் நடத்திய சூக் சிங் களையெடுப்பில் சீனர்கள் கொல்லப்பட்டதை எழுதி, "அந்த ஜப்பானியரோடா சேர்ந்தார்?" என்று கேட்டாள். நேரலையில் இதைக் கேட்டிருந்தால் இரண்டு ஆசிரியர்களும் அவசரமாகப் பேச்சை மாற்றியிருப்போம். இங்கே நான்கு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் நீளமான பதில் வந்தது. பிரிட்டனை எதிர்க்க வேறு யார் படை தந்தார்கள் என்று வாதாடியவன், சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டத் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோய்ச் சாகவிட்டதைத் தானே தேடிப் படித்து, "இது எங்கள் பாடத்தில் இல்லையே, மிஸ்" என்று முடித்திருந்தான்.

பலகைக்கும் வேலை உண்டு. ஒவ்வொரு பதிவையும் நான் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே வரும். இரவில் அரை மணி நேரம் அதற்கே போய்விடும். தமிழ் தெரியாத மாணவர்களுக்காக ஆங்கிலத்திலும் எழுதச் சொன்னோம், அதில் மதுரைப் பிள்ளைகள் கொஞ்சம் தயங்கினார்கள். நான் இணைந்தது ஒரே ஒரு பள்ளியோடு. ஒரு மணி நேரமே வித்தியாசமுள்ள ஜப்பானிய வகுப்பென்றால் ஸூமே எளிதாக இருக்கலாம்.

இந்த ஆண்டு ஜூலையில் பலகையைத் திறக்கிறோம். ஸூம் கடைசியில் ஒரே ஒரு நாள், அந்த இருவரும் முகம் பார்த்துக்கொள்வதற்காக.