கொட்டகையில் நிற்கும் பழைய பைக்: டெல்டா பட்டறைகளில் பிரேக் வேலையை எப்படிக் கேட்டு வாங்குவது

லீவுக்கு ஊர் வருபவர்கள் கொட்டகையில் கிடக்கும் ஆர்எக்ஸ் 100-ஐயோ பழைய சிடி 100-ஐயோ பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணே, பிரேக் பிடிக்கல, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். சாயங்காலம் போனால் அட்ஜஸ்டர் நட்டு நாலு சுற்று இறுகியிருக்கும், அவ்வளவுதான். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, கேட்டது அதைத்தானே. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் டிரம் பிரேக்கை (சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் இரண்டு ஷூ விரிந்து உரசி நிறுத்துவது) ஒழுங்காகச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் என்னென்ன வேலை என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

முதலில் சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டியில் ஷூ தேய்ந்திருப்பதைவிட, லைனிங் (ஷூ மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டை) மேல்பரப்பு கண்ணாடி போல மின்னுவதும் டிரம்மில் துரு படிந்திருப்பதும்தான் அதிகம். இரண்டையும் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தாலே பாதிப் பிடிப்பு திரும்பிவிடும். லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே போயிருந்தாலோ கிரீஸ் ஊறியிருந்தாலோ ஷூவை மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோலில் கழுவிக் கொளுத்தித் தருகிறேன் என்றால் வேண்டாம். உள்ளே ஊறியது பிரேக் சூட்டில் மறுபடி மேலே வரும். முன்சக்கரத்தில் கிரீஸ் கசிந்திருந்தால் ஸ்பீடோமீட்டர் கியர் பக்கத்து ஆயில் சீலைப் பாருங்கள். தூசியை கம்ப்ரசரால் ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அடுத்தது கேம், அதாவது திரும்பும்போது ஷூவைத் தள்ளி விரிக்கும் துண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் கேம் ஷாஃப்ட் துருவேறி இறுகியிருக்கும். லிவரை எவ்வளவு அழுத்தினாலும் அந்த பலம் ஷூவுக்குப் போய்ச் சேராது. விட்டாலும் ஷூ திரும்பாமல் உரசிக்கொண்டே வரும். கழற்றி, துருவைத் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். அதிகம் வைத்தால் அதுவே ஷூவுக்கு வந்துவிடும். முன் பிரேக் கேபிளில் லிவர் முனைப்பக்கம் ஒரு இழை அறுந்திருந்தாலும் முழுக் கேபிளும் புதிதாகப் போடுங்கள்.

பட்டறை ஆட்கள் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. அட்ஜஸ்டர் எல்லைக்கு வந்துவிட்டால் கேம் ஆர்மை (கேமைத் திருப்பும் வெளிக்கை) ஒரு பல் தள்ளி மாட்டுவார்கள், அல்லது ஷூவின் கேம் படும் முனையில் தகரம் வைத்து பேக்கிங் கொடுப்பார்கள். இரண்டும் தேய்மானத்தை மறைக்கும் வேலை. கேம் அளவுக்கு மேல் திரும்பினால் ஷூ விரிந்தபடியே சிக்கி, ஓடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். பிரேக் பிடித்த நிலையில் கேபிளும் ஆர்மும் ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்க வேண்டும். அப்போதுதான் லிவரின் முழு பலமும் கிடைக்கும்.

பிரேக் பிடிக்கும்போது லிவர் துடித்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. பம்ப்செட், டிராக்டர் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் கடைசல் போடலாம். ஆனால் ஹப்பை, அதாவது டிரம் இருக்கும் சக்கர நடுப்பகுதியை, தனியாகக் கழற்றிக் கொடுக்காதீர்கள். ஸ்போக் இழுவையில் ஹப் நுணுக்கமாக வளையும். தனியாகக் கடைந்து ஸ்போக் கட்டினால் வட்டம் மறுபடி கெடும். டயரைக் கழற்றிய 18 இன்ச் சக்கரம் அப்படியே சுற்ற, லேத்தின் மையத்திலிருந்து பெட் வரை ஏறத்தாழ 25 செ.மீ. இடைவெளி வேண்டும். சின்ன லேத்தில் முடியாது. மையத்தை பேரிங் குழியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், ரிம்மிலிருந்து வேண்டாம். எவ்வளவு கடையலாம் என்பதற்குப் பல ஹப்களில் அதிகபட்ச விட்டம் வார்க்கப்பட்டிருக்கும். பொதுவாகப் புதிய அளவைவிட 1 மி.மீ. வரைதான்.

கடைந்த டிரம்மில் புது ஷூ போட்டால் நடுப்பகுதி மட்டுமே தொடும். புது ஷூ போட்டும் பிடிக்கவில்லை என்ற புகாருக்கு இதுதான் முக்கியக் காரணம். லைனிங்கில் சாக்பீஸ் பூசி, மாட்டி, லேசாக பிரேக் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிக் கழற்றினால் எங்கே அழிந்திருக்கிறது என்று தெரியும். அந்த இடத்தை மட்டும் தேய்த்து, மறுபடி பார்த்து, லைனிங்கின் பெரும்பகுதி படும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். அவசரக்காரர்கள் கடையில் இந்த வேலை நடக்காது.

மாட்டும்போது ஆக்ஸில் நட்டைத் தளர்வாக வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறுக்கினால் ஷூ டிரம்மின் நடுவில் உட்காரும். லிவர் முனையில் 10 முதல் 20 மி.மீ., பின் பெடலில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். பின் பிரேக்கை மாற்றியமைத்தால் பிரேக் லைட் சுவிட்சையும் சரிசெய்ய வேண்டும்; பலர் மறப்பது இது. புது லைனிங் படிய ஒரு 100 கி.மீ. மிதமாகப் பிடித்து ஓட்டுங்கள். அதற்குள் ஆற்றங்கரைச் சாலையில் வைக்கோல் பரப்பிய இடத்தில் முன் பிரேக்கை இறுக்கிச் சோதிக்க வேண்டாம்.

முன்பக்கம் டிஸ்க் மாற்றித் தருகிறோம் என்று ஆசை காட்டுவார்கள். பல்சர் ஃபோர்க்கும் சக்கரமும் போட்ட ஆர்எக்ஸ் நன்றாகவே நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி அமைப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க ஆய்வுக்கு நிற்கும்போது அது சிக்கலாகும். அந்தப் பணத்தில் பாதிக்கு நல்ல டயர் போடலாம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2316 என்றால் 2016-ன் 23-வது வாரத்தில் தயாரான டயர். பட்டன் ஆழமாகவே இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும், ஈரச் சாலையில் வழுக்கும்.