மீன் இல்லாத மீன்குழம்பு: சேனையா, இடிச்சக்கையா, மீல்மேக்கரா?

என் தங்கச்சி மீனை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. கோழி, முட்டை எதற்கும் அவள் ஏங்கவில்லை, அம்மை வைக்கும் அயிலை மீன் குழம்புக்கு மட்டும்தான் ஏக்கம். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் வளர்ந்தவள், மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்து வைத்தால் கை தானாகக் குழம்புச் சட்டியைத் தேடும்தானே. அம்மையிடம் சொன்னேன். "மீனு இல்லாம என்ன மீன்கொழம்பு மக்ளே, சாம்பார் வைக்கச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு அவளே அரைத்தும் கொடுத்தாள்.

மாசியில் நாலு ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்த்தோம். அரைப்பு ஒன்றுதான்: ஒரு மூடித் தேங்காய், மிளகாய்ப்பொடி, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மல்லிப்பொடி, மஞ்சள், நாலு சின்ன உள்ளி, எல்லாம் விரலில் திரி தட்டாத அளவுக்கு மையாக. கூடவே முருங்கைக்காய், பச்சை மாங்காய். உள்ளே போடும் துண்டுதான் வாரா வாரம் மாறியது.

மீல்மேக்கர்: சீக்கிரம் முடித்துவிடுகிறேன். புரதம் வேண்டுமென்றால் இதுதான், காய்ந்த நிலையில் 100 கிராமில் பாதிக்கு மேல் புரதம். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை பிழிந்தும் சோயா வாடை போகவில்லை. குழம்பை எல்லாம் அது குடித்துவிட, கிழங்குக்கு ஊற்றச் சட்டியில் ஒன்றும் இல்லை.

வாழைக்காய்: வறுவலுக்கு இதை மிஞ்ச ஆளில்லை, மிளகாய்ப்பொடி தடவிப் பொரித்தால் கண்ணுக்கு மீன் துண்டேதான். குழம்பில் மாவு கரைந்து கூழாகிறது. ஏத்தங்காயோ (நேந்திரங்காய்) லேசாக இனிக்கவும் செய்கிறது, மொந்தன் பரவாயில்லை.

இடிச்சக்கையில்தான், அதாவது பலாப்பிஞ்சில்தான், எனக்கு நம்பிக்கை இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2018-இல் சக்கையை (பலாவை) மாநிலப் பழமாக அறிவித்தார்கள், நமக்கும் மாநிலப் பழம் அதுதான், ஆனால் பிஞ்சை வெட்ட உட்கார்ந்தால்தான் அதன் குணம் தெரியும். கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவாமல் தொட்டால் பால் பிசின் சாயங்காலம் வரைக்கும் விடாது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தால் நார் நாராகப் பிரிகிறது, வாயில் வைத்தால் மீன் உதிர்வது மாதிரி கொஞ்சம், கோழி மாதிரி நிறைய. அதுதான் சிக்கல். இரண்டாவது கவளத்திலேயே தங்கச்சி "இது கறிக்கொழம்புலா" என்றாள். இதற்குக் கரம்மசாலா போட்டு வறுத்தரைத்த குழம்பு வைக்கலாம், அருமையாக இருக்கும், மீன்குழம்பு மட்டும் ஆகாது.

கடைசி வாரம் சேனை. முதல் சட்டியை நானே கெடுத்தேன். நமைச்சல் போகும் என்று புளித்தண்ணீரிலேயே பச்சையாகப் போட்டேன். புளிப்பில் காய் லேசில் வேகாது, முக்கால் மணி நேரம் கொதித்தும் கரண்டியில் தட்டினால் டக் டக் என்கிறது, அதற்குள் தேங்காய் பிரிந்து எண்ணெய் தனி, திப்பி தனி. அடுத்த சட்டிக்கு விரல் கனத்தில் துண்டு போட்டு, மஞ்சள் உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, அப்புறம் குழம்பில் சேர்த்தேன். பத்தே நிமிஷம். துண்டு உடையவில்லை, நடுவில் சதைப்பிடிப்பு, நெய்மீன் துண்டு மாதிரி ஓரத்தில் மட்டும் லேசாகக் கரைகிறது.

ஆனால் வாசனைக்குக் காய் மட்டும் போதாது. மீன் இருந்தால் அதன் நெய் குழம்பில் இறங்கும், அந்த இடத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். எங்கள் அரைத்த குழம்புக்கு வாளன்புளிதான் (சாதாரணப் புளி) வழக்கம். அன்றைக்கு அதில் பாதியைக் குறைத்து, கேரளக்காரர்கள் மாதிரி இரண்டு சுளை குடம்புளி போட்டேன். புகையில் உலர்த்தியது என்பதால் அதிலேயே ஒரு மீன்சட்டி மணம் இருக்கிறது. அடுப்பை அணைத்ததும் பச்சைத் தேங்காயெண்ணெய் இரண்டு ஸ்பூன், கை நிறையக் கறிவேப்பிலை, உடனே மூடி. கரண்டி விட்டுக் கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்துச் சுற்றினால் போதும்.

என் தேர்வு சேனைதான், அதுவும் மறுநாள். அன்றைக்கே சாப்பிட்டால் சேனை சேனையாகத்தான் இருக்கிறது. ராத்திரி மண்சட்டியிலேயே விட்டு, காலையில் சுடவைத்து, பழஞ்சிக்கு (பழைய சோற்றுக்கு) ஊற்றினோம். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை, மாங்காய்த் துண்டை எடுத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அம்மை சட்டியின் ஓரத்தை விரலால் வழித்து நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு ஒரு நுள்ளு குறவு" என்றாள்.