வெறுங்கையால் ஒரு குத்து: விதிநூல் பிழைகளை யார் ஒழுங்காகத் திருத்துகிறார்கள்?

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் 'பிழை – திருத்தம்' என்று ஒரு பக்கம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்திகள். கதைப் புத்தகத்தில் ஒரு சொல் தப்பாக இருந்தால் வாசகரே மனதுக்குள் திருத்திக்கொண்டு போய்விடுவார். ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தின் விதிநூலில் அது நடக்காது. ஒரு எண் மாறியிருந்தாலும் ஐந்து பேரின் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அதனால் ஒரு விதிநூலை வாங்குவதற்கு முன் நான் ஓவியங்களைப் பார்ப்பதைவிட, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர் கைக்கு அந்தப் பதிப்பகம் திருத்தத்தை எப்படிக் கொண்டுசேர்க்கிறது என்று பார்ப்பதுதான் அதிகம்.

பிழையிலும் வகை உண்டு. 1994இல், அப்போது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் பதிப்பகமாக இருந்த டிஎஸ்ஆர் வெளியிட்ட 'என்சைக்ளோபீடியா மேஜிகா' முதல் தொகுதியில் 'மேஜ்' என்ற சொல் வரும் இடமெல்லாம் 'விஸார்ட்' என்று கணினியில் ஒரேயடியாக மாற்றினார்கள். விளைவு, 'டேமேஜ்' என்ற சொல் 'டாவிஸார்ட்' ஆகிவிட்டது. ஒயிட் உல்ஃப் என்ற பதிப்பகத்தின் புத்தகங்களில் 'பக்கம் எக்ஸ்எக்ஸ் காண்க' என்றே அச்சாகியிருக்கும். பக்க எண்ணை நிரப்ப யாரும் திரும்பி வரவில்லை. இவை மெய்ப்புப் பார்ப்பதில் வந்த குறைகள். படிப்பவருக்குப் பிழை என்று உடனே தெரிந்துவிடுவதால் ஆபத்து குறைவு. விதி பார்ப்பதற்குச் சரியாகவே இருந்து, இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கும்போதுதான் உண்மையான தொல்லை தொடங்குகிறது.

இதற்கு நல்ல உதாரணம், வெறுங்கையால் குத்துவது. இந்தத் துறையின் இரண்டு பெரிய விதிநூல்களும் இதே இடத்தில் தடுக்கியிருக்கின்றன. விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2014இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், ஆயுத அட்டவணைக்குள் வாள், ஈட்டியோடு வெறுங்கை அடியும் இருந்தது. அப்படியானால் கை ஓர் ஆயுதமா? ஆயுதத்தை மேம்படுத்தும் மந்திரம் முஷ்டிக்கும் பலிக்குமா? 2015இல் வந்த திருத்தம், அது அந்த அட்டவணையைச் சேர்ந்ததல்ல என்று சொல்லி நீக்கியது. பைஸோ நிறுவனம் 2019 ஆகஸ்டில் வெளியிட்ட பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் நடந்தது வேறு. 640 பக்கப் புத்தகத்தில், போர்வீரன், மந்திரவாதி போன்ற பல கதாபாத்திர வகுப்புகளுக்குத் தொடக்கத்திலேயே என்னென்ன கைவரும் என்ற தேர்ச்சிப் பட்டியலில் வெறுங்கை அடி விட்டுப்போயிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் வந்த முதல் திருத்தத் தொகுப்பு அதைச் சேர்த்தது.

இரண்டுமே சாதாரணமாக நிகழக்கூடிய தவறுகள்தான். வித்தியாசம் அதற்கு அப்புறம் வருகிறது.

பைஸோவிடம் பிடிஎஃப் வாங்கியவர், திருத்திய பிரதியை மறுபடி பணம் கட்டாமல் இறக்கிக்கொள்ளலாம். விதிகள் முழுவதும் 'ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்' தளத்தில் நிறுவனத்தின் ஒப்புதலோடு இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய அச்சுப் புத்தகம் வைத்திருப்பவரும் ஆட்டத்தின் நடுவே செல்பேசியை எடுத்துச் சரிபார்த்துவிடலாம். இதே நிறுவனம் முதல் பதிப்புக் காலத்தில் பெரும்பாலும் மறு அச்சு வரும்போதுதான் திருத்தம் வெளியிட்டது. மறு அச்சு காணாத புத்தகத்தின் பிழைகள் அப்படியே கிடந்தன. அந்த வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பதே எனக்கு அவர்கள்மேல் மதிப்பைக் கூட்டுகிறது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் ஆசிரியர் குழுவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்களுடைய வாக்கியங்கள் இறுக்கமானவை. திருத்தப் பட்டியலில் பக்க எண் இருக்கும், புதிதாகச் சேர்ந்தவை தனியே குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் பிடிஎஃப் விற்பனைக்கே வரவில்லை. அச்சுப் புத்தகம் வாங்கியவர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஆட்டத்தின் அதிகாரப்பூர்வ டிஜிட்டல் தளமான டிஅண்ட்டி பியாண்டில் அதே புத்தகத்தை இன்னொரு முறை வாங்க வேண்டும்.

அந்தத் தளத்தில்தான் என் பெரிய வருத்தம் இருக்கிறது. 'திருத்தம்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. அச்சுப் பிழையைச் சரிசெய்வது ஒன்று. 'ஹீலிங் ஸ்பிரிட்' மந்திரத்தில் நடந்தது இரண்டாவது. 2017இல் அது வந்தபோது எத்தனை முறை குணப்படுத்தலாம் என்பதற்கு வரம்பே இல்லை. 2020 திருத்தம் ஒரு எண்ணிக்கை வரம்பை வைத்தது. எழுதியவர்கள் மனதை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆட்டத்துக்கு அது நல்லது என்றே நினைக்கிறேன், ஆனால் அதைப் பிழை என்று சொல்ல முடியாது. மூன்றாவது, 2021 டிசம்பரில் நடந்தது. 'வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்' நூலில் சில உயிரினங்களைப் பற்றிய பத்திகளை நீக்கினார்கள். வாங்கியவர்களின் டிஜிட்டல் பிரதியிலிருந்தும் அவை போய்விட்டன. நீக்கியதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம், அதைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் வாங்கிய புத்தகத்தின் பழைய வடிவத்தையும் பார்க்க வாங்கியவருக்கு வழி இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் பழைய மந்திரங்களைக் கதாபாத்திரத் தாள்களில் 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் புதிய வடிவத்தால் மாற்றப்போவதாக அதே தளம் அறிவித்தது. ஆட்டக்காரர்கள் கடுமையாக எதிர்க்க, சில நாட்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

ஷேடோரன் என்ற ஆட்டத்தின் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் கஷ்டம். கேட்டலிஸ்ட் கேம் லேப்ஸ் 2019இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பு, எடிட்டிங் குறைகளுக்காகவே பேசப்பட்டது. திருத்தப் பட்டியல் வந்தது. திருத்தங்கள் சேர்ந்த சியாட்டில் சிட்டி எடிஷன் என்ற மறுபதிப்பு 2021இல் வந்தது. முதலில் நம்பி வாங்கியவர்தான் இதில் நஷ்டப்பட்டவர். ஜெர்மன் பதிப்பை வெளியிடும் பெகாசஸ் ஸ்பீலே நிறுவனத்துக்கோ, மொழிபெயர்க்கும்போதே பிழைகளைக் களைந்துவிடுகிறார்கள் என்று ரசிகர்களிடையே நல்ல பெயர். மொழிபெயர்ப்பாளரைப் போல ஒவ்வொரு வரியையும் நின்று படிக்கும் மெய்ப்பாளர் வேறு யார்?

எனக்கு மனதுக்குப் பிடித்தது ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸின் பழைய வழி. டெக்சாஸில் உள்ள இந்த நிறுவனம் கர்ப்ஸ் என்ற தன் ஆட்டத்தின் விதிநூல்களுக்குப் பல ஆண்டுகளாகத் திருத்தப் பட்டியல்களை இணையத்தில் பராமரித்துவருகிறது. உங்கள் பிரதி எத்தனையாவது அச்சு என்று பார்த்து, அதற்கு எந்தத் திருத்தங்கள் பொருந்தும் என்று கண்டுகொள்ளலாம். 1995 முதல் ஷான் பஞ்ச் என்ற ஒரே ஆசிரியர் அந்த வரிசையைப் பார்த்துவருகிறார். அந்தத் தொடர்ச்சி பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. கர்ப்ஸின் இன்டெக்ஸைப் பார்த்துவிட்டு, 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் பொடி எழுத்து இன்டெக்ஸைப் பாருங்கள், கண் வலிக்கும்.

திருத்தமே அதிகம் தேவைப்படாதபடி எழுதுவது இன்னொரு வழி. கேவின் நார்மனின் ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக், எக்ஸ்பர்ட் ஆகிய இரண்டு விதிநூல்களிலும் சிதறிக் கிடந்த விதிகளை ஒன்றுசேர்த்து, ஒரு விஷயம் முடிந்தவரை எதிரெதிர்ப் பக்கங்களுக்குள் முடியும்படி அமைத்திருக்கிறது. சிறிய விதித்தொகுப்பு என்பதால் அது சாத்தியமாகிறது. 640 பக்க நூலிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

சரி, எதை வாங்குவது? திரையில் படிப்பவர் என்றால் தயங்காமல் பாத்ஃபைண்டர். அச்சுப் புத்தகம்தான் வேண்டும், பத்து வருடம் வைத்து ஆட வேண்டும் என்றால் கர்ப்ஸ். ஐந்தாம் பதிப்பு வேண்டுமென்றால் பிந்தைய அச்சாகத் தேடி வாங்குங்கள். பழைய புத்தகக் கடையில் எடுப்பதாக இருந்தால் 2014 நூலின் ஆயுத அட்டவணையைத் திறந்து வெறுங்கை அடி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது ஆரம்ப அச்சு. ஷேடோரன் என்றால் 2019 நூலை விட்டுவிட்டு சியாட்டில் எடிஷன்.

எது வாங்கினாலும் முதல் ஆட்டத்துக்கு முந்தைய மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, திருத்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெல்லிய பென்சிலால் ஓரத்தில் குறித்துவிடுங்கள். திருத்தத்தின் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். பேனா வேண்டாம், அடுத்த ஆண்டு அதே வரிக்கு இன்னொரு திருத்தம் வரக்கூடும்.