மேட்டா, ஃப்ளாட்டா: ஒரே பெயரில் விற்கும் இரண்டு பெயின்ட்

பெயின்ட் கடையில் போய் "ஃப்ளாட் இருக்கா?" என்று கேட்டால் மேட் டப்பாவைத்தான் எடுத்து வைப்பார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இரண்டுமே பளபளப்பில்லாத சுவர் பெயின்ட்தான். அமெரிக்காவில் அவற்றை ஃப்ளாட், மேட் என்று தனித்தனியாக விற்கிறார்கள். நம் ஊர் டப்பாக்களில் ஃப்ளாட் என்ற சொல்லே அபூர்வம். ஆனால் சரக்கு இருக்கிறது. விலை குறைந்த எமல்ஷனில் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) 'மேட் ஃபினிஷ்' என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அந்த ஃப்ளாட்டுக்குப் பக்கத்தில் வருவதுதான். ஏஷியன் பெயின்ட்ஸின் ட்ராக்டர் எமல்ஷனும் மேட், அதே கம்பெனியின் விலை கூடிய ராயல் மேட்டும் மேட். காய்ந்த சுவரைப் பத்தடி தள்ளி நின்று பார்த்து எது எது என்று சொல்வது கஷ்டம். ஈரத் துணியைக் கையில் எடுத்தால் தெரிந்துவிடும்.

காய்ந்த பெயின்டில் மிஞ்சுவது முக்கியமாக இரண்டு: தூளும், அதைப் பிடித்து வைக்கும் பைண்டரும். டைட்டானியம் டையாக்சைடு, சுண்ணாம்புக் கல் தூள், டால்க், சீனக் களிமண் எல்லாம் தூள் கணக்கில் வரும். ஃப்ளாட்டில் தூள் அதிகம், பைண்டர் குறைவு. தூள் துணுக்குகள் பைண்டருக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் விழும் வெளிச்சம் சிதறிப் போகிறது. பளபளப்பு இல்லாததற்கு அதுதான் காரணம். துணுக்குகளுக்கு இடையே உள்ள நுண்ணிய துளைகள் வழியாகத்தான் எண்ணெயும் அழுக்கும் உள்ளே இறங்குகின்றன. நல்ல மேட்டில் பைண்டர் போதுமான அளவு இருக்கும். வெளிச்சத்தைச் சிதறடிக்க மட்டும் அதற்கென்று தேர்ந்த தூளைச் சேர்த்திருப்பார்கள். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தப் பைண்டருக்குத்தான்.

ஐரோப்பாவின் இஎன் 13300 தர விதியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பளபளப்புக்கு ஒரு கணக்கு: 85 டிகிரி கோணத்தில் அளந்து 10-க்குள் இருந்தால் மேட், 5-க்குள் இருந்தால் 'டெட் மேட்'. கழுவினால் தாங்குமா என்பதற்கு வேறு கணக்கு: ஈரத்தில் 200 முறை தேய்த்த பிறகு 5 மைக்ரானுக்குக் குறைவாகத் தேய்ந்தால் முதல் வகுப்பு, 40 முறையிலேயே 70 மைக்ரான் போய்விட்டால் கடைசியான ஐந்தாம் வகுப்பு. ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. டப்பாவில் மேட் என்று இருப்பது கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி மட்டும்தான்.

ஆகவே 1 லிட்டர் டப்பா வாங்கி ஒரு துண்டு ஜிப்சம் போர்டில் பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் கொடுத்துப் பாருங்கள். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், அதை நம்ப வேண்டாம். ஒரு வாரம் விடுங்கள். பிறகு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் வெள்ளையாகத் தூள் ஒட்டுகிறதா? ஈரமான வெள்ளைத் துணியால் இருபது முறை தேய்த்தால் நிறம் ஏறுகிறதா? ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்து, பத்து நிமிடம் கழித்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். ஃப்ளாட்டில் எண்ணெய் உள்ளே இறங்கி வட்டமாக நிற்கும். நல்ல மேட்டில் லேசான நிழல் தெரியலாம், அதற்கு மேல் இருக்காது. சோபாவுக்குப் பின்னால் தலை சாயும் இடத்துக்கு இந்தக் கடைசிச் சோதனை ஒன்றே போதும்.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. சுவரில் கொசுவை அடித்த கறையை ஒரே இடத்தில் அழுத்தித் துடைத்தால் கறை போய்விடும், அந்த இடம் மட்டும் பளபளவென்று திட்டாக நிற்கும். துருத்தி நின்ற துணுக்குகள் தேய்ந்து மழுங்கியதால் வருவது அது. துடைத்து எடுக்க முடியாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. மென்மையான ஸ்பாஞ்சால், கறையைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குச் சேர்த்து, லேசாகத் துடைக்க வேண்டும். அடர் நீலம், மெரூன் போன்ற நிறங்களில் ஃப்ளாட் வேண்டவே வேண்டாம். நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழும்.

அப்படியானால் ஃப்ளாட் எதற்கு? சுவரின் குறையை மறைக்க அதற்கு ஈடு கிடையாது. ஜன்னல் பக்கமிருந்து சாய்வாக வரும் வெளிச்சமும், ஃபால்ஸ் சீலிங் ஓரத்து எல்இடி பட்டையும், பட்டி (சுவரைச் சமன் செய்யப் பூசும் மாவு) போட்டதில் உள்ள ஒவ்வொரு அலையையும் காட்டிக்கொடுக்கும். லேசாகப் பளபளக்கும் ஷீன் பெயின்ட் அடித்தால் கேட்கவே வேண்டாம். பட்டி முடிந்த அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நிழல் விழும் இடமெல்லாம் மறுபடி பட்டி வைத்து, உப்புத்தாள் போட வேண்டிய இடம். பெயின்டர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஹால், படுக்கையறைச் சுவர்களுக்குக் கழுவக்கூடிய மேட். சீலிங்குக்கு யோசிக்காமல் ஃப்ளாட்: அங்கே கை படாது, எலக்ட்ரீஷியன் ஓட்டை போட்டாலும் அடைத்து அந்த இடத்தை மட்டும் ஒற்றினால் பெரும்பாலும் தெரியாது. குளியலறை சீலிங்குக்கு இது பொருந்தாது, நீராவியில் பூஞ்சை பிடிக்கும். வாடகைக்கு விடும் வீட்டுக்கும் ஃப்ளாட்தான் புத்திசாலித்தனம். ஆள் மாறும்போதெல்லாம் எப்படியும் அடிக்கத்தான் போகிறோம். சமையலறை, மாடிப்படிச் சுவர், சின்னப் பிள்ளைகள் கிரேயானோடு திரியும் நடை ஆகியவற்றுக்கு இரண்டுமே சரிவராது, சாட்டின் அல்லது சாஃப்ட் ஷீன் வாங்குங்கள். ஓதம் ஏறும் சுவருக்கு எந்த ஃபினிஷும் மருந்தில்லை.

அளவு: 10-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் சுமார் 400. பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 4 லிட்டர், 120 சதுர அடி சீலிங்குக்கு ஒன்றேகால் லிட்டர். டப்பாவில் லிட்டருக்கு இதைவிடக் கூடுதல் சதுர அடி போட்டிருப்பார்கள். மீந்தால் லாபம், நடுவில் தீர்ந்து அடுத்த டப்பா கலக்கினால் நிறம் ஒரு நூல் மாறும்.

காசு வீணாவது பெரும்பாலும் பக்கெட்டில்தான். ரோலர் சுலபமாக ஓட வேண்டும் என்று மக்கில் கண்ணளவாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அளவு மீறினால் பூச்சு மெலிந்து, மூடும் திறன் குறைந்து, விலை கூடிய மேட்டும் ஈரத்துணிச் சோதனையில் தோற்கும். டப்பாவில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ, அதை அளவுக் குவளையில் ஊற்றச் சொல்லுங்கள். அடிக்கும்போது ஃபேன் ஓடக் கூடாது. ஓரத்தைப் பிரஷ்ஷில் பிடித்த கையோடு, அது ஈரமாக இருக்கும்போதே ரோலர் அதன்மேல் ஏற வேண்டும். ஓரம் மட்டும் காய்ந்துவிட்டால் சுவரைச் சுற்றிச் சட்டம் போட்டது போலத் தெரியும்.

டச்-அப்பில் மேட் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதே டப்பா, அதே ரோலர், அதே அளவு தண்ணீர் இருந்தால்தான் ஒட்டுத் தெரியாது. பிரஷ்ஷால் இழுத்தால் கண்டிப்பாகத் தெரியும். அதனால் வேலை முடிந்ததும் தண்ணீர் சேர்க்காத பெயின்ட் அரை லிட்டரைச் சின்ன பாட்டிலில் வாய் வரை நிரப்பி, மூடி இறுக்கி, நிறத்தின் எண்ணையும் சேர்த்த தண்ணீரின் அளவையும் மேலே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.