போஜோலே: எந்தப் பாட்டிலை எப்போது திறப்பது?

லேசான சிவப்பு ஒயினை வாங்கிய கையோடு குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் வீண் என்று பலரும் சொல்வார்கள். பிரான்ஸின் லியோன் நகரில் குடியிருந்துகொண்டு, அதற்கு வடக்கே விளையும் போஜோலே ஒயின்களைப் பல வருடங்களாகக் குடித்துவரும் எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. போஜோலேயில் எந்த ஊர், எந்த வருடம் என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இங்கே சிவப்பு ஒயின் என்றால் கமே திராட்சைதான். 1395-இல் பர்கண்டி பிரபு பிலிப், தன் நிலத்திலிருந்து இதைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். தெற்கே போஜோலேயின் கிரானைட் மண்ணில் அது நன்றாகவே பிழைத்துக்கொண்டது. கமேயில் துவர்ப்பு குறைவு, புளிப்பு தூக்கல். பெரும்பாலும் குலையை உதிர்க்காமல் அப்படியே தொட்டியில் போடுகிறார்கள். கரியமில வாயு சூழ்ந்திருக்க, பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்குகிறது. செர்ரி, ராஸ்பெரி வாசம் பளிச்சென்று வருவதற்கும், குடித்தபின் வாய் வறண்டுபோகாமல் இருப்பதற்கும் இந்த முறை ஒரு முக்கியக் காரணம்.

நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளிவரும் போஜோலே நுவோ, அந்த வருடமே பறித்த பழத்தின் ஒயின். நல்ல சாப்பாட்டுக் கடையில், சொசிசோன் என்ற உலர்ந்த இறைச்சித் தொத்திறைச்சித் துண்டுகளோடு ஒரு கோப்பை போதும். வீட்டில் நான் வாங்கி வைப்பதில்லை. வைத்தாலும் வசந்தத்துக்குள் முடித்துவிடுங்கள். போஜோலேயின் மற்ற வகைகளில் போஜோலே வில்லாஜ், ரெய்ன்யே, ஷிரூப்ல், ப்ரூயி எல்லாம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடக் கணக்கு. ஃப்ளூரி இன்னும் கொஞ்சம் தாங்கும்.

மோர்கோன், முலான் ஆ வான் விஷயம் வேறு. பாட்டிலின் மேல் பல சமயம் போஜோலே என்ற பெயரே பெரிதாக இருக்காது, விளைந்த இடத்தின் பெயர்தான் இருக்கும். மோர்கோனில் கோட் து பி என்ற குன்றுச் சரிவில் விளைந்ததை முதல் வருடத்தில் திறந்தால் கறுப்புச் செர்ரியும் வயலட் பூவும் மணக்கும். மூன்று நான்கு வருடத்தில் சில பாட்டில்கள் வாயடைத்துப் போகும். மூக்கில் ஒன்றும் வராது, நாக்கில் புளிப்பும் துவர்ப்பும் தனித்தனியாக நிற்கும். அதைக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடக் கூடாது. இன்னும் சில வருடம் போனால் கோப்பையின் ஓரத்தில் ஊதா போய்ச் செங்கல் நிறம் தெரியும். ஈர மண், காய்ந்த இலை வாசம் வரும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் பர்கண்டியின் பேர்பெற்ற சிவப்புத் திராட்சையான பினோ நுவார் என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்தக் கட்டம்தான் பிடிக்கும். பழ வாசம் வேண்டும் என்பவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.

எப்போது திறப்பது என்று தீர்மானிக்க எனக்கு உதவுவது மறுநாள் சோதனைதான். ஒரே ஒயினில் மூன்று பாட்டில் வாங்குவேன். ஒன்றைத் திறந்து பாதி குடித்துவிட்டு, கார்க்கைச் செருகி ஃப்ரிட்ஜில் வைப்பேன். மறுநாள் சுவை கூடியிருந்தால் மற்றதைக் காத்திருக்க விடலாம். வாடிய ஆப்பிள் மாதிரி ஆகிவிட்டால் மற்றதையும் சீக்கிரம் குடித்துவிட வேண்டியதுதான். துல்லியமான அளவுகோல் இல்லை, ஆனால் வருடக் கணக்கு அட்டவணைகளைவிட எனக்கு நன்றாகவே கைகொடுத்திருக்கிறது.

வருடமும் முக்கியம். 2015, 2018, 2020 வெயில் வருடங்கள். பல பாட்டில்களில் ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தொடுகிறது. அவற்றை லேசான ஒயின் என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. ஏப்ரல் உறைபனியும் மழையும் வாட்டிய 2021 மெலிந்த உடம்பு, நல்ல புளிப்பு. விமர்சகர்கள் 2015-ஐக் கொண்டாடட்டும், சாப்பாட்டு மேசைக்கு நான் எடுப்பது 2021-தான்.

ஒயின் கெடாமல் காக்கும் சல்பைட்டை மிகக் குறைவாகச் சேர்த்த பாட்டில்களுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். மோர்கோனில் மார்செல் லாபியேர் போன்ற ஒயின் தயாரிப்பாளர்கள் பிரபலமாக்கிய வழி அது. மாடி வீட்டில் ஜூலை வெயிலில் அலமாரியில் வைத்தால் தாங்காது. கட்டடத்தின் நிலவறை குளிர்ச்சியாக இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் வாங்கியதும் குடியுங்கள்.

அப்புறம் சூடு. இந்த ஒயினுக்கு 13 டிகிரி சுமார் சரி. கோடையில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கிறேன். 20 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும்.

கமே அலுத்துப்போனால் கிழக்கு பிரான்ஸின் ஜூரா பகுதியில் விளையும் பூல்சார் என்ற திராட்சையின் சிவப்பு ஒயினைக் குடித்துப் பாருங்கள். ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் என்று நினைக்கும் அளவுக்கு வெளிறியிருக்கும். அங்கே ருசி பார்க்கப் போனால் வெள்ளைக்கு முன்பே சிவப்பை ஊற்றுகிறார்கள். திறந்ததும் சில சமயம் தீக்குச்சி வாசம் அடிக்கும், கோப்பையைச் சுழற்றிக் கொஞ்சம் பொறுத்தால் போய்விடும்.

நிலவறையில் 2020 முலான் ஆ வான் இன்னும் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒன்றைத் திறப்பேன், மற்றதை மறுநாள் பார்த்துச் சொல்கிறேன்.